ஆறு லட்சம் பெருசா, நாலு புள்ளி ரெண்டு பெருசா?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. மெஸ்ல, வராண்டாவுல, எங்க பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "மச்சி, எத்தனை எல்பிஏ?" இந்த ஒரு நம்பரை வெச்சு முடிவெடுத்தா என்ன ஆகும்னு எங்க வீட்டுலயே பார்த்துட்டேன். அதான் இந்தக் கட்டுரை.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க அண்ணனுக்கு பெங்களூர்ல ஆறு லட்சம் ஆஃபர். கரூர்ல எங்க தெருவுக்கே அப்பா லட்டு கொடுத்தார். ஆறு லட்சத்தை 12 ஆல வகுத்தா 50,000. அந்தக் கணக்கை நம்பி மாசம் 20,000 ரூபாய் சீட்டு ஒண்ணுல அண்ணன் பேரைச் சேர்த்துட்டார். "மீதி முப்பதாயிரம் அவனுக்குத் தாராளம்" என்றார். அந்த வருஷம் தீபாவளிக்கு லீவு கிடைக்கலைன்னு அண்ணன் வரலை. ஊருக்கு வர காசு இல்லைங்கறது பொங்கலுக்குத்தான் தெரிஞ்சது. மூணு மாசச் சீட்டுப் பணத்தை கிரெடிட் கார்டுல சமாளிச்சிருக்கான்.

அவன் ஊதாரி இல்லை. எங்க வீட்டுல போட்ட கணக்குதான் தப்பு.

படி 1: சிடிசியைப் பிரிங்க

சிடிசி என்பது உங்களுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அதுல ஒரு பகுதி மாசாமாசம் உங்க கைக்கு வரவே வராது. அண்ணனோட லெட்டரைப் பார்ப்போம். பேசிக் மாசம் 25,000.

- வேரியபிள் பே: வருஷம் 60,000. ரேட்டிங் பார்த்து வருஷக் கடைசியில்தான்.
- கம்பெனி கட்டும் பிஎஃப், பேசிக்கில் 12%: வருஷம் 36,000.
- கிராஜுவிட்டி: வருஷம் சுமார் 14,400. நிரந்தர வேலையில் இருப்பவர் ராஜினாமா செய்தால், பொதுவா 5 வருஷம் முடிஞ்சிருந்தாதான் கிடைக்கும்.
- மருத்துவக் காப்பீட்டு பிரீமியம்: 6,000.

இந்த நாலும் சேர்ந்து 1,16,400. மீதி 4,83,600. மாசத்துக்கு 40,300. அதிலும் நம்ம பங்கு பிஎஃப் 3,000, தொழில் வரி 200 போகும். கைக்கு வந்தது 37,100.

வருமான வரி பத்திப் பயப்பட வேண்டாம். 2025-26 நிதியாண்டுல புதிய வரி முறைப்படி 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி இல்லை. ஃப்ரெஷர் சம்பளம் அதுக்குள்ளேயே அடங்கிடும்.

இப்போ என் கையில இருக்கும் லெட்டர். கோயம்புத்தூர், 4.2 லட்சம், பேசிக் 17,500, வேரியபிள் கிடையாது. கம்பெனி பிஎஃப் 25,200, கிராஜுவிட்டி 10,100, காப்பீடு 6,000 கழிச்சா மாசம் சுமார் 31,550. அதுல என் பங்கு பிஎஃப் 2,100. தமிழ்நாட்டுல தொழில் வரியை உள்ளாட்சிக்கு ஆறு மாசத்துக்கு ஒருமுறை கட்டணும். மாசம் 200ன்னு வெச்சுக்குவோம். கைக்கு 29,250.

கவனிச்சீங்களா? சிடிசியில மாசம் 15,000 வித்தியாசம். கைக்கு வரும்போது அது 7,850 தான்.

படி 2: ஊர்ச் செலவு

நெட்ல ரெண்டு ஊரையும் ஒப்பிட்டு "இது அதைவிட இத்தனை சதவீதம் காஸ்ட்லி"ன்னு சொல்லும் தளங்கள் நிறைய இருக்கு. அது சராசரிக் குடும்பத்துக்கான கணக்கு. பிஜியில இருக்கப்போற நமக்கு அது சரிவராது. ஆபீஸ் இருக்கும் ஏரியாவுல வேலை பார்க்கும் சீனியருக்கே போன் போட்டுக் கேளுங்க. நான் அப்படித்தான் கேட்டேன்.

அண்ணனோட மாசச் செலவு, பெங்களூர்:

- பிஜி, ரெண்டு பேர் ரூம், சாப்பாட்டோட: 12,000
- மதியச் சாப்பாடு, வார இறுதி: 4,500
- ஆபீஸ் போக்குவரத்து: 2,500
- போன், ரீசார்ஜ்: 800
- ஊருக்கு ஒரு தடவை போய்வர: 2,000
- துணி, மருந்து, சினிமா, நண்பன் கல்யாண மொய்: 4,000

மொத்தம் 25,800. மிச்சம் 11,300. இதுல 20,000 சீட்டு எப்படிக் கட்ட முடியும்?

எனக்கு, கோயம்புத்தூரில், அதே வரிசையில்: 7,500, 2,500, 1,200, 800, 800, 3,000. மொத்தம் 15,800. மிச்சம் 13,450.

படி 3: ஊர் மாறினாலும் மாறாத செலவு

இதைத்தான் நிறைய பேர் விட்டுடறோம். வாடகையும் சாப்பாடும் ஊரைப் பொறுத்து மாறும். கல்விக்கடன் இஎம்ஐ மாறாது. தங்கச்சி காலேஜ் ஃபீஸ் மாறாது. லேப்டாப் விலை எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். அதனால "இவ்வளவு சதவீதம் சேமிக்கிறேன்"னு பார்க்காதீங்க. கையில எத்தனை ரூபாய் நிக்குதுன்னு பாருங்க.

கல்விக்கடனுக்குப் பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் அவகாசம் உண்டு. அந்த நேரத்துலயும் வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும். எனக்கு இஎம்ஐ சுமார் 8,000 வரும். அதைக் கழிச்சா பெங்களூர்ல 3,300, கோயம்புத்தூர்ல 5,450. ஒரு பல் வலி வந்தா அந்த 3,300 காலி.

ஒரு சின்ன ஃபார்முலா:

புது ஊரில் தேவையான கைச்சம்பளம் = அந்த ஊர்ச் செலவு + இன்னொரு ஆஃபரில் நிக்கும் மிச்சம்.

எனக்கு 25,800 + 13,450 = 39,250. அண்ணனுக்கு வந்ததைவிட 2,150 அதிகம். பெங்களூர் ஆஃபர் வெச்சிருக்கறவங்க எச்ஆர்கிட்ட "வேரியபிள்ல பாதியை ஃபிக்ஸட்ல சேர்க்க முடியுமா?"ன்னு கேட்கலாம். ஃப்ரெஷருக்குப் பெரும்பாலும் முடியாதுன்னுதான் சொல்வாங்க. ஆனா கேட்டதுக்காக யாரும் ஆஃபரைப் பிடுங்க மாட்டாங்க.

படி 4: முதல் மாசம்

சம்பளம் மாசக் கடைசியில்தான் வரும். மாசத்தோட பின்பாதியில சேர்ந்தா, பல கம்பெனிகளில் அந்த நாட்களுக்கான பணம் அடுத்த மாசச் சம்பளத்தோடதான் வரும். அதுக்குள்ள பிஜி அட்வான்ஸ், முதல் மாச வாடகை, பெட்ஷீட், பக்கெட், ஃபார்மல் ஷூ எல்லாம் நம்ம பணம். தனி வீடு எடுத்தா பெங்களூர்ல பல மாச வாடகையை அட்வான்ஸா கேட்பாங்க. அதனால ரெண்டு மாசச் செலவுக்கான பணம் கையில இல்லாம பஸ் ஏறாதீங்க. வீட்டுலயும் முதல்லயே சொல்லிடுங்க.

கையெழுத்துக்கு முன்னாடி கேட்க வேண்டியவை

- மாசம் கைக்கு எவ்வளவு வரும்? மாதிரி பேஸ்லிப் தருவீங்களா?
- வேரியபிள் எப்போ, எதை வெச்சுத் தருவீங்க?
- பிஎஃப் முழு பேசிக்குக்கா, 15,000 உச்சவரம்புக்கு மட்டுமா? ரெண்டாவதுன்னா மாசம் 1,800 தான் பிடிப்பாங்க. கைக்கு வர்றது கூடும், சேமிப்பு குறையும்.
- பாண்ட் உண்டா? இடையில விட்டா எவ்வளவு கட்டணும்?
- எந்தக் கிளை, எந்த ஏரியா? நைட் ஷிஃப்ட்னா கேப் உண்டா?

அப்போ கோயம்புத்தூர்தான் சரியா?

அவசரப்படாதீங்க. அண்ணனுக்கு வேரியபிள் முழுசா வந்தா மாசத்துக்கு 5,000 கூடும். அப்போ பெங்களூர் 2,850 முன்னாடி போயிடும். பிஎஃப்லயும் ரெண்டு பங்கும் சேர்த்து அவனுக்கு மாசம் 1,800 அதிகம் சேருது. சம்பள உயர்வும் பெரிய தொகை மேல ஏறும். வேலை மாறணும்னா அங்கே கம்பெனிகளும் அதிகம். இப்போ அவன் நல்லாத்தான் இருக்கான்.

இந்தக் கணக்கு எந்த ஊர் நல்லதுன்னு சொல்லாது. 15,000 வித்தியாசம்னு நினைச்சது உண்மையில ரெண்டாயிரம், மூவாயிரம்தான்னு காட்டும். பண வித்தியாசம் அவ்வளவு சின்னதுன்னு தெரிஞ்ச பிறகுதான் எந்த வேலையில கத்துக்கலாம்னு நிதானமா யோசிக்க முடியும். நான் மெக்கானிக்கல். எனக்கு வந்திருக்கறது பம்ப் டிசைன், டெஸ்டிங் வேலை. அதுக்குக் கோயம்புத்தூரைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியலை. வெள்ளிக்கிழமை சரின்னு மெயில் அனுப்பிட்டேன்.

"அண்ணன் ஆறு, நீ நாலு புள்ளி ரெண்டா?"ன்னு அப்பா முகம் கொஞ்சம் வாடத்தான் செஞ்சது. மேல இருக்கும் கணக்கை ஒரு நோட்டுல எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இதை அன்னைக்கே போட்டிருந்தா அவனை அந்தச் சீட்டுல சேர்த்திருக்க மாட்டேன்டா" என்றார்.

உங்க ஆஃபர் லெட்டரை எடுங்க. ஒரு பேப்பர், ஒரு பேனா, அரை மணி நேரம் போதும். வீட்டுல யாராவது 12 ஆல வகுக்கறதுக்கு முன்னாடி நீங்க போட்டுடுங்க.