கல்லா நிற்கக் கூடாது!
கம்ப்யூட்டர் கணக்குக்குச் செய்ய வேண்டிய முன்னேற்பாடுகள்

ஒரு காலத்தில் மளிகைக் கடையின் உயிர்நாடி மூன்று நோட்டுகளில் இருந்தது: நாள்வழிச் சிட்டை, பேரேடு, இருப்புப் புத்தகம். கணக்குப்பிள்ளை ஒரு நாள் வராவிட்டாலும் முதலாளி சிட்டையில் குறித்துக்கொண்டு வியாபாரத்தை நடத்திவிடுவார். இன்று இம்மூன்றும் மேசைக்கு அடியில் உள்ள ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. விலை, சரக்கு இருப்பு, யாரிடம் எவ்வளவு பாக்கி, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் அதற்குள்தான். அந்தப் பெட்டி நின்றால் கல்லாவும் நிற்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் மாலை அது நின்றால் என்ன ஆகும் என்பதை உறுப்பினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்படி நிற்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கம்ப்யூட்டர் துறையினர் 'ஹை அவைலபிலிட்டி' என்பார்கள். வங்கிகள் இதற்குக் கோடிக்கணக்கில் செலவு செய்கின்றன. நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் அவர்கள் யோசிக்கும் முறையை நாமும் கைக்கொள்ளலாம்.

முதலில் இரண்டு கேள்விகள்

எந்தச் சாதனமும் வாங்கும் முன் முதலாளி இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி வைக்க வேண்டும்.

ஒன்று: பில் போடும் கம்ப்யூட்டர் இல்லாமல் என் கடை எத்தனை நேரம் தாக்குப் பிடிக்கும்?

இரண்டு: எத்தனை நேரத்துப் பதிவுகள் அழிந்தால் திரும்பப் பதிந்துகொள்ள முடியும்?

மூன்று கவுண்டர்கள் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். பில் ஒன்றுக்கு 2 நிமிடம் என்றால் மணிக்கு 90 பில். நேற்று இரவு எடுத்த நகல்தான் கையில் இருக்கிறது, இன்று மாலை 6 மணிக்கு டிஸ்க் பழுதாகிறது என்றால், காலை 9 மணி முதல் போட்ட 810 பில்லும் போயிற்று. ரொக்க விற்பனையைக் கல்லாவை எண்ணி ஓரளவு சரிக்கட்டலாம். கடனுக்குப் போன சரக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? சில்லறைக் கடைக்கு முதல் கேள்வி பெரிது. கடன் வியாபாரம் செய்யும் மொத்தக் கடைக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது.

சதவீதத்தைக் கண்டு மயங்க வேண்டாம்

'எங்கள் சேவை 99 சதவீத நேரம் இயங்கும்' என்று விற்பனையாளர் சொன்னால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 8,760 மணி. அதில் ஒரு சதவீதம் 87 மணி 36 நிமிடம், அதாவது மூன்றரை நாளுக்கும் மேல். 99.9 சதவீதம் என்றால் நிற்கும் நேரம் சுமார் 8 மணி 45 நிமிடம். 99.99 என்றால் சுமார் 53 நிமிடம். ஒவ்வொரு 9 கூடும்போதும் செலவும் கூடும். நின்றுபோகும் அந்த நேரம் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவில் வருமா, மாதப் பிறப்பில் கூட்ட நேரத்தில் வருமா என்பதைச் சதவீதம் சொல்லாது.

ஒற்றைத் தூண்களைத் தேடுங்கள்

ஒரு பில் அச்சாகி வெளிவர எவையெவை வேலை செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதுங்கள். கரண்ட், யு.பி.எஸ்., கணக்கு இருக்கும் கம்ப்யூட்டர், டிஸ்க், கவுண்டர்களை இணைக்கும் சுவிட்ச் பெட்டி, பிரிண்டர், பாஸ்வேர்டு தெரிந்த ஆள். இவற்றில் எது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறதோ, அதுவே ஒற்றைத் தூண். பல கடைகளில் உடையக்கூடிய ஒற்றைத் தூண் டிஸ்க் மட்டுமன்று, பாஸ்வேர்டு தெரிந்த அந்த ஒரு பையனும்தான். அவர் ஊருக்குப் போனால் கடை நிற்கும். பாஸ்வேர்டை எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வீட்டுப் பீரோவில் வையுங்கள். உதிரியாக ஒரு சுவிட்ச் பெட்டியும் ஒரு பிரிண்டரும் வாங்கி வைப்பது பெரிய செலவாகாது.

யு.பி.எஸ். விஷயத்திலும் ஒரு வார்த்தை. கரண்ட் போனதும் கடையை மணிக்கணக்கில் நடத்துவது அதன் முதல் வேலையன்று. எழுதிக்கொண்டிருக்கும் கணக்கு பாதியில் அறுபடாமல், கம்ப்யூட்டரை முறையாக நிறுத்த அவகாசம் தருவதே முதல் வேலை. பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கடை சாத்தியபின், பிளக்கைப் பிடுங்கி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று பாருங்கள்.

சிட்டையும் பேரேடும் கம்ப்யூட்டரிலும் உண்டு

தரமான டேட்டாபேஸ் மென்பொருள் நம் பழைய முறையையே பின்பற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் 'லாக்' என்ற சிட்டையில் எழுதும். பிறகுதான் பேரேட்டில் ஏற்றும். நடுவில் கரண்ட் போனாலும், மீண்டும் துவங்கும்போது சிட்டையைப் படித்துப் பேரேட்டைச் சரிசெய்துகொள்ளும். இதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. இரவில் முழு நகல் ஒன்று, பகலில் 15 நிமிடத்துக்கு ஒரு முறை சிட்டையின் நகல் என்று வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பிவந்தால், டிஸ்க் போனாலும் நட்டம் அதிகபட்சம் 15 நிமிடப் பதிவுகளே. மேலே சொன்ன கடையில் 810 பில் போகும் இடத்தில் 23 பில்லோடு முடிந்துவிடும். உங்கள் மென்பொருளில் இந்த வசதி உண்டா என்று விற்றவரிடம் கேளுங்கள்.

நிழல் வேறு, நகல் வேறு

ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க் வைத்து இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் முறை உண்டு. ஒரு டிஸ்க் செத்தாலும் கடை நிற்காது, நல்ல ஏற்பாடு. ஆனால் பணியாள் தவறுதலாக ஒரு மாதக் கணக்கை அழித்துவிட்டால் இரண்டாவது டிஸ்க்கிலும் அதே நொடியில் அழிந்துவிடும். அது நிழல் மாதிரி, நாம் விழுந்தால் அதுவும் விழும்.

பணம் பறிக்கும் வைரஸ்களும் அப்படியே. 2017 மே மாதம் பல நாடுகளைத் தாக்கிய 'வான்னாக்ரை' கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய வைரஸ் கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கும் வெளி டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். ஆகவே நகல் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். ஏழு நாளுக்கு ஏழு நகல் இருந்தால் நேற்றைய தவறு முந்தாநாள் நகலைத் தொடாது.

தயாராக ஒரு மாற்று

வியாபாரம் பெரியதானால் இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்றில் அதே கணக்கு உடனுக்குடன் ஏறிக்கொண்டே இருக்கும்படி செய்யலாம். இதில் இரு வகை. இரண்டிலும் ஏறிய பிறகே பில் முடிந்ததாகக் கொள்வது ஒன்று. இதில் பதிவு இழப்பு இராது. ஆனால் இரண்டாவது நின்றால் முதலாவதும் காத்திருக்க நேரலாம். முதலில் பில்லை முடித்துவிட்டுப் பின்னர் அனுப்புவது மற்றொன்று. வேகம் உண்டு, கடைசிச் சில நொடிப் பதிவுகள் போகலாம். நம்மைப் போன்ற கடைகளுக்கு இரண்டாவது வகை போதும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டும் ஒரே நேரத்தில் 'நானே முதலாளி' என்று பில் போடத் துவங்கினால் ஒரே எண்ணில் இரண்டு பில் பிறக்கும். பழையதை அணைத்த பின்னரே மாற்றை இயக்க வேண்டும். அதை யார் முடிவு செய்வது என்பதையும் முன்பே எழுதி வையுங்கள்.

ஒரு நகல் வேறு ஊரில்

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளத்தில் கடை, மாடி, பக்கத்து வீடு என்று பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை. மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வெளியூரில் என்பது துறையினரின் பழகிய விதி. இன்டர்நெட் வழியே வெளியில் சேமித்தாலும் அதுவும் யாரோ ஒருவரின் கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஒரு கட்டடம் தீயில் அழிந்தது. வேறு இடத்தில் நகல் வைக்காத வாடிக்கையாளர்கள் சிலர் தகவல்களை அடியோடு இழந்தனர்.

இது சட்டமும்கூட. கணக்குகள் விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய ஜி.எஸ்.டி. விதி 57 கூறுகிறது.

ஒத்திகை பாராத நகல் நகலே அன்று

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனத்தில், இரவு வேலையில் இருந்த பொறியாளர் ஒருவர் மாற்று கம்ப்யூட்டர் என்று எண்ணி, முதன்மை கம்ப்யூட்டரின் கணக்கை அழித்துவிட்டார். உடனே நிறுத்தியும் சுமார் 300 ஜி.பி. போய்விட்டது. அவர்களிடம் நகல் எடுக்கும் வழிகள் பல இருந்தன. தேடிப் பார்த்தபோது தினசரி நகல் ஓசைப்படாமல் தோற்றுக்கொண்டிருந்தது தெரிந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சலும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த பிரதியே அவர்களைக் காப்பாற்றியது. நிபுணர்களுக்கே இந்த நிலை.

ஆகவே மாதம் ஒரு ஞாயிறு, நகலை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றிப் பாருங்கள். மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள்: கடைசிப் பில் எண், அன்றைய விற்பனைத் தொகை, துவரம் பருப்பின் இருப்பு. ஏற்ற எத்தனை மணி நேரமாயிற்று என்றும் குறித்து வையுங்கள். முதல் கேள்விக்கு நீங்கள் எழுதிய பதிலோடு அது பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

கடைசிப் பாதுகாப்பு: பில் புத்தகம்

எல்லாம் தோற்றாலும் கடை நடக்க வேண்டும். வாரம் ஒரு முறை விலைப் பட்டியலையும் பாக்கிப் பட்டியலையும் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். தனி வரிசை எண்ணுள்ள பில் புத்தகம் ஒன்றையும் கல்லா அருகில் வையுங்கள். பில் எண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் இருக்க ஜி.எஸ்.டி. விதி 46 இடம் தருகிறது. ஒவ்வொரு வரிசையும் தொடர் எண்ணாகவும், அந்த நிதியாண்டில் எந்த எண்ணும் திரும்ப வராததாகவும் இருந்தால் சரி. கம்ப்யூட்டர் திரும்பியதும் அந்தப் பில்களை அதே எண்ணில் ஏற்றிவிடலாம்.

இவற்றில் பாதிக்குச் செலவே இல்லை. இந்த வாரமே இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுதி, வரும் ஞாயிறு முதல் ஒத்திகையைப் பாருங்கள். பண்டிகைக் கூட்டம் வருவதற்கு முன், நிதானமாகச் செய்யும் வேலை இது.