மணற்கேணியும் பாறைக் கிணறும்

கற்குந்தோறும் அறிவு பெருகும் என்னும் உண்மையை விளக்கப் புகுந்த திருவள்ளுவர், தோண்டுந்தோறும் நீர் சுரக்கும் கேணியை அதற்கு உவமையாக எடுத்தாண்டனர். அக்குறளைப் பள்ளிச் சிறாரும் அறிவர். ஆயினும், அதன்கண் கேணிக்கு அடைமொழியாய் நிற்கும் 'மணல்' என்னுஞ் சொல்லை நம்மிற் பலர் ஓசை நிரப்ப வந்ததெனவே கருதிச் செல்கின்றனர். யானும் அங்ஙனமே கருதியிருந்தேன். எம்மூர்க் கிணறுகள் வற்றிய காரணத்தை ஆராயப் புகுந்த பின்னரே, அவ்வொரு சொல்லில் ஆசிரியர் எத்துணைப் பெரியதோர் உண்மையை அடக்கி வைத்தார் என்பது எனக்குப் புலனாயிற்று. தோண்டிய அளவிற்கு நீர் ஊறுவது மணலிலேதான். பாறையில் அஃது இல்லை.

நம் முன்னோர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருந்தனர். கேணி, கூவல், துரவு, உறைகிணறு எனப் பல பெயர்கள் நம்மொழியில் வழங்குகின்றன. 2015ஆம் ஆண்டு தொடங்கிய கீழடி அகழ்வாராய்ச்சியில் வெளிப்பட்ட சுடுமண் உறைகிணறுகள், இளகிய வண்டல் நிலம் சரியாவண்ணம் உறைகளை அடுக்கி இறக்கப்பட்டவை. இதற்கு மாறாகப் பாறையை உடைத்து இயற்றிய உவர்நீர்க் கூவலையுடைய வறிய சிற்றூரொன்றைப் புறநானூற்றிலே காண்கின்றோம். முன்னது வளநாட்டின் கிணறு. பின்னது வன்னிலத்தின் கிணறு. தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இப்பின்னதன் இனத்தைச் சார்ந்தது. கொங்கு நாடு முழுவதும் அத்தகையதே.

பாறை நிலத்தின் அடியில் நீர் எவ்வாறு நிற்கின்றது? ஆறுபோல் ஓடுகின்றதென்று எம்மூர் முதியோர் பலர் இன்றும் நம்புகின்றனர். அது பிழை. மேலே சில அடி மண். அதன்கீழ், நெடுங்காலம் வெயிலும் மழையும் பட்டு நைந்த சிதைபாறை. அதற்குங் கீழே வெடிப்புகளையுடைய பாறை. அதற்கப்பால் வெடிப்பருகிய கட்டிப் பாறை. நீர் தங்குமிடம் பெரும்பாலும் அச்சிதைபாறையே. வெடிப்புகள் நீரைக் கொண்டுசெல்லும் வாய்க்கால்கள் போல்வன. நீரைச் சேர்த்துவைக்கும் ஏரிகள் அல்ல. கீழே செல்லச் செல்ல, மேலுள்ள பாறையின் சுமையால் அவை ஒடுங்கி அருகிப்போகின்றன.

அளவால் நோக்கின் இவ்வேறுபாடு நன்கு விளங்கும். ஓர் ஏக்கர் நிலத்தின் கீழே நீர்மட்டம் ஒரு மீட்டர் தாழுமாயின், ஆற்று மணலிலிருந்து ஏறத்தாழ 8 இலட்சம் லிட்டர் நீர் வெளிப்படும். அதே பரப்பில், அதே தாழ்வில், சிதைந்த கருங்கற்பாறையிலிருந்து கிடைப்பது 80 ஆயிரம் லிட்டர் அளவே. மணல் தன் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு நீரை விட்டுக்கொடுக்கும். சிதைபாறையோ நூற்றில் இரண்டு பங்கே கொடுக்கும். ஆதலின், மணல்நாட்டில் ஒரு சாண் தாழ்ந்த நீர், பாறைநாட்டிலே பத்துச் சாண் தாழ்கின்றது. ஒரு பெருமழைக்குக் கிணறு நிரம்பி வழிவதும், நான்கு திங்களில் அடி தெரிய வற்றுவதும் இதனாலேயே.

எம் பாட்டனாருடைய தந்தையார் வெட்டிய கிணறு நாற்பதடி ஆழமுடையது. கவலையிறைக்க எருதுகள் இறங்கிச்சென்ற சரிவு இன்றும் அதன் கரையில் உள்ளது. எருது களைத்தால் இறைப்பு நிற்கும். இரவிலே ஊற்றுக்கண்கள் கிணற்றைத் தாமே நிரப்பும். நீரின் அளவுக்கு ஒரு காவலாக எருதின் களைப்பே இருந்தது என்னலாம். 1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர்க் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் மின்விசைப் பம்புகள் பரவின. மின்விசைக்குக் களைப்பில்லை. எனினும் அதற்கு விலையிருந்தது. 1990ஆம் ஆண்டையொட்டி உழவர்க்கெல்லாம் இலவச மின்சாரம் வழங்கப்பெற்றபோது அவ்விலையும் நீங்கிற்று. அதனால் ஏழை உழவர் பலர் கடனினின்று தப்பினர் என்பதை யான் மறுக்கேன். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. ஆயினும், எருதின் களைப்பும் போய், மின்கட்டணமும் போய்விட்ட கிணற்றுக்குப் பின் எதுதான் காவல்?

பாட்டனார் கிணற்றை எழுபதடிக்கு ஆழப்படுத்தினார். பின்னர் அடியில் பக்கத் துளைகள் இட்டனர். அவையும் வற்றவே, கிணற்றருகில் 600 அடிக்கு ஆழ்துளைக் கிணறு இறக்கினர். அண்டைத் தோட்டத்தார் 900 அடிக்கு இறக்கினர். இற்றைக்கு எம்மூரில் ஆயிரம் அடியைத் தாண்டிய துளைகளும் உள. அவற்றுட் சில முதனாளிலேயே புழுதியை மட்டும் கக்கின. ஓர் ஆழ்துளை இறக்கிய கடனை அடைக்குமுன் அடுத்த துளைக்குக் கடன் வாங்குவோரை யான் அறிவேன்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. ஆயிரம் அடியின் கீழுள்ள வெடிப்பிலே கிடைக்கும் நீர் புதியதொரு நீரன்று. மேலேயுள்ள சிதைபாறையிலிருந்து வெடிப்பின் வழியே இறங்கியதே அது. ஆழத் துளைத்தவன் புதுப் பொருளைத் தேடிக்கொண்டான் அல்லன். அண்டை வீட்டானோடு பொதுவாக வைத்திருந்த பானையின் அடியிலே துளையிட்டான். எம்மூர்க் குடிநீர்க் கிணறு இவ்வாறே மாண்டது. அதனைச் சூழ்ந்து தோட்டத் துளைகள் பெருகின. ஒவ்வொன்றும் இறைக்கும்போது நீர்மட்டம் தன்னைச் சுற்றிலும் புனல் வடிவாய்த் தாழ, அத்தாழ்வுகள் ஒன்றோடொன்று கூடிக் குடிநீர்க் கிணற்றின் அடிக்குங் கீழே சென்றன. கிணற்றைக் கட்டினோர் மேல் குற்றமில்லை, பம்பிலும் பழுதில்லை. பெண்டிர் மட்டும் குடங்களோடு ஒரு மைல் நடந்தனர்.

சட்டமும் இதற்குத் துணையாய் நிற்கின்றது. தன் நிலத்தின்கீழ் வரையறுத்த கால்வாயில் ஓடாத நீரையெல்லாம் நிலவுடையான் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட கொள்கை. எருது இறைத்த காலத்திற்கு அது பொருந்திற்று. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரை நெறிப்படுத்த 2003ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2013ஆம் ஆண்டில் அது நீக்கப்பட்டது.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். கணிதம் எனக்கு உவப்பான பாடமன்று. எனினும் இக்கணக்கு என்னை உறங்கவிடாது செய்தது. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் ஓர் ஏக்கரின் மேல் விழுவது ஏறத்தாழ 28 இலட்சம் லிட்டர். அதிற் பெரும்பகுதி ஆவியாய்ச் செல்லும். பயிரும் மரமும் உண்ணும். சிறிது ஓடையில் ஓடும். பாறை நிலத்தில் அடியில் இறங்கித் தங்குவது பத்தில் ஒரு பங்கெனக் கொள்ளலாம். அஃதாவது ஏக்கருக்கு 2 இலட்சத்து 80 ஆயிரம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது சிற்றூர்க் குழாய்நீருக்கு அரசினர் வகுத்த அளவு. ஆயிரம் மக்களுக்கு ஓராண்டுக்கு அதன்படி 2 கோடி லிட்டர் வேண்டும். எழுபது ஏக்கரில் இறங்கும் நீரே அதற்குப் போதும். ஆயிரம் மக்களுள்ள ஊருக்கு நிலம் எழுபது ஏக்கர்தானா? பன்மடங்கு உண்டு. எனவே குடிநீருக்குப் பஞ்சம் வருதற்கு நியாயமே இல்லை.

பின் எங்ஙனம் வருகின்றது? ஓர் ஏக்கர் கரும்பிற்கு ஓராண்டில் பாய்ச்சும் நீர் ஏறத்தாழ 80 இலட்சம் லிட்டர். இரண்டரை ஏக்கர் கரும்பு, ஆயிரம் மக்கள் ஓராண்டு குடித்துக் குளித்துச் சமைக்கும் நீரைக் கொள்கின்றது. பாய்ச்சிய நீரில் ஒரு பகுதி மீண்டும் நிலத்துள் இறங்குமென்பது உண்மையே. அதனைக் கழித்துப் பார்த்தாலும் கணக்கின் போக்கு மாறவில்லை. இதனாற் கரும்பை யான் வெறுக்கின்றேன் என்று எவரும் எண்ணற்க. ஆற்றுப் பாய்ச்சலுள்ள நாட்டில் கரும்பு விளைக. எழுநூறு மில்லிமீட்டர் மழையை நம்பிய பாறைநாட்டில் அது வரவுக்கு மீறிய செலவாகும்.

ஆழத்தால் வரும் தீங்கு பற்றாக்குறை ஒன்றே அன்று. பாறையோடு நெடுநாள் கிடந்த நீரிலே புளோரைடு என்னும் பொருள் கரைந்து மிகுதல் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமிற்கு மேற்பட்டால் அஃது ஆகாது. மிகின் பல் கறுக்கும், எலும்பும் கெடும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியினர் இதனால் உற்ற துன்பத்தை நீக்கவே ஒகேனக்கலினின்று காவிரிநீர் கொணரும் திட்டம் 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது.

நீர் இருந்தும் பயன்படாது போகும் ஊர்களும் உள. அங்கே குற்றம் பம்பினுடையது. இவ்வரலாறு நம்போன்ற கல்லூரியினர்க்குச் சிறப்பாக உரியது. ஒரு குடும்பத்தின் பயனுக்கென மேனாடுகளில் அமைந்த வார்ப்பிரும்புக் கைப்பம்புகளை முன்னாளில் நம் சிற்றூர்களிலே நட்டனர். நாள் முழுதும் ஊரார் பலரும் அடிக்க, அவை விரைவில் முறிந்தன. மராட்டிய நாட்டில் ஜால்னா, சோலாப்பூர் என்னும் ஊர்களிலே, கிறிஸ்தவ மிஷன்களைச் சார்ந்து உழைத்தோர் அப்பம்பின் தலையை எஃகால் வலுப்படுத்திப் புதிதாக அமைத்தனர். சோலாப்பூர்ப் பம்பை அடியாகக் கொண்டே 1970களில் யுனிசெபின் துணையோடு 'இந்தியா மார்க் 2' பிறந்தது. அது நன்கு உழைத்தது. ஆயினும் அடியிலுள்ள வாஷர் தேய்ந்தால், குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டும். அதற்கு வண்டியும் கருவிகளும் பலர் கூட்டமும் வேண்டும். நான்கு ரூபாய்ப் பழுதுக்கு நான்கு திங்கள் காத்திருந்தன ஊர்கள். 1980களில் கோயம்புத்தூர்ப் பகுதியில் நிகழ்ந்த சோதனைகளின் பயனாய் 'மார்க் 3' தோன்றிற்று. அதன் குழாய் அகலமானது. உள்ளிருக்கும் உறுப்பை மட்டும் கம்பியோடு மேலே இழுத்து, ஊராரே வாஷரை மாற்றலாம். தோலினும் நெடுநாள் உழைக்கும் செயற்கை ரப்பர் வாஷரும் அச்சோதனைகளால் உறுதிபெற்றது. பம்பு நிலைப்பது, அதனை இயற்றியவரின் திறத்தால் மட்டுமன்று. ஊரிலே திருகுசாவியும் வாஷரும் வைத்திருப்பவள் ஒருத்தி உள்ளாளா என்பதனாலும் ஆம்.

நீரைப் பெருக்குதற்கு வழி யாது? தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் உள. ஏரி, பாசனத்திற்கு மட்டும் உரியதன்று. அதன் ஆயக்கட்டுக் கிணறுகள் அனைத்திற்கும் அது தாய். நொய்யற் கரையில் குளம் நிரம்பிய ஆண்டில் கிணற்றில் நீர் ஏறுவதை உழவர் யாவரும் அறிவர். குளத்தினும் முதலிற் காக்க வேண்டியது, அதற்கு நீர் கொணரும் வரத்துக்கால். எம்மூர்க் குளத்தை ஒருமுறை நன்கு தூர்வாரினர். வரத்துக்காலின் மேல் வீடுகளும் சீமைக்கருவேலும் நின்றமையால் அவ்வாண்டு அதில் நீர் வந்திலது. 2017ஆம் ஆண்டில் குடிமராமத்து என்னும் பழம் பெயரால் அரசினர் தொடங்கிய திட்டத்தில் குளங்கள் பல செப்பமுற்றன. பெயருக்கேற்பக் குடிகள் அதில் கைவைத்த ஊர்களில் அச்செப்பம் நிலைக்கும் என்பது என் துணிபு.

ஆயினும் தடுப்பணையும் குளமும் தாமே போதா. அவை வரவைப் பெருக்குவன; செலவைக் கட்டுப்படுத்துவன அல்ல. நீர் சற்று ஏறியதென்று கண்டவுடன் கரும்பு ஏறிவிடும். இதற்கு வழிகண்ட ஊர்களுள் மராட்டிய நாட்டில் முன்னர் அகமதுநகர் எனப்பட்ட அகில்யாநகர்ப் பக்கத்து ஹிவ்ரே பஜார் புகழ்பெற்றது. அங்கே 1990களில் மலைச்சரிவுகளில் நீரைத் தேக்கினர். அதனோடு அமையாது, பாசனத்திற்கு ஆழ்துளை கூடாது, கரும்பும் வாழையும் கூடாது என்று ஊரவையிலே முடிவுசெய்தனர். ஆண்டுதோறும் மழையை அளந்து, குடிநீருக்கு முதலில் ஒதுக்கி, எஞ்சியதற்கேற்பப் பயிரை வகுக்கின்றனர். ஆந்திர நாட்டின் ஏழு வறட்சி மாவட்டங்களிலே 2003ஆம் ஆண்டு முதற் சில ஆண்டுகள் உழவரே மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து, பின்மழைப் பயிருக்கு முன் கூடிக் கணக்கிட்டனர். அங்கே தடையும் தண்டமும் இல்லை. கணக்கைக் கண்ட உழவர் பலர் நெல்லைக் குறைத்துக்கொண்டனர்.

ஈசாக்கு தன் தகப்பன் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்திருக்க, அவற்றை மீண்டும் தோண்டிய செய்தி ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தில் வருகின்றது. புதிதாய்க் கண்ட கிணறுகளுக்கும் அயலார் வழக்குத் தொடுத்தனர். ஒன்றிற்கு ஏசேக்கு என்றும், மற்றொன்றிற்குச் சித்னா என்றும் வழக்காலும் பகையாலும் பெயரிட்டு அவன் அப்பாற் சென்றான். வழக்கில்லாத மூன்றாவதற்கு ரெகொபோத் என்று பெயரிட்டான். எம்மூரார்க்கு அப்பாற் செல்ல இடமில்லை. அனைவரும் ஒரே பாறையின் மேல் இருக்கின்றனர்.

சென்ற ஐப்பசியில் எம்மூர்ப் பள்ளியாசிரியர் ஒருவர், அடிக்கொரு முடிச்சிட்ட கயிற்றின் நுனியில் இரும்புத் துண்டொன்றைக் கட்டி, நான்கு வெட்டுக் கிணறுகளின் நீர்மட்டத்தைத் திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று அளந்து, பள்ளியின் புறச்சுவரிலே கரியால் எழுதத் தொடங்கினர். மழையளக்கப் பள்ளியின் கூரைமேல் ஒரு கலம் வைத்திருக்கின்றனர். விடுமுறையிற் சென்றபோது யானும் கயிறு பிடித்தேன். முதலில் எவரும் அச்சுவரைப் பார்த்திலர். மார்கழியில் எண்கள் தாழத் தொடங்கவே, தேநீர்க் கடைக்குச் செல்வோர் நின்று படித்தனர். இவ்வாண்டு மஞ்சளை விடுத்துச் சோளம் விதைப்பதாக இருவர் கூறினர். மற்றையோர் அடுத்த மழையைப் பார்த்துக்கொள்வோம் என்றனர்.