சுவிட்சை மாற்றுமுன்: லாரி ஒயரிங் பழகும் தம்பிகளுக்கு

நாமக்கல், சங்ககிரிப் பக்கம் லாரிகளுக்கு அடியில் படுத்தே என் ஆயுசில் பெரும்பங்கு கழிந்தது. "பிரேக் லைட் எரியலை" என்று டிரைவர் சொன்னதும், தொழில் பழக வந்த பிள்ளைகள் கடைக்கு ஓடிப் புது சுவிட்ச் வாங்கி வந்துவிடுகிறார்கள். நானும் அப்படிச் செய்தவன்தான். அதனால் வந்த வினையைப் பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

1. அடியில் போகுமுன் டயருக்கு முன்னும் பின்னும் கட்டை போடு. பழைய வண்டியின் ஹேண்ட் பிரேக்கை நம்பி உயிரை வைக்காதே.

2. ஏர் பிரேக் வண்டியில் சுவிட்சை வேலை செய்ய வைப்பது காற்று. பெடலை மிதித்ததும் ஃபுட் வால்வு வழியாக லைனுக்குக் காற்று போகும். அது சுவிட்சுக்குள் இருக்கும் டயாஃப்ரத்தைத் தள்ள, பாயின்ட் இரண்டும் ஒட்டும். டேங்க் காலியாக இருக்கும்போது எத்தனை முறை மிதித்தாலும் லைட் எரியாது. எஞ்சினை ஓட்டி, கேஜில் ஏழு கிலோ ஏறிய பிறகு வேலையைத் தொடங்கு. சுவிட்ச் நன்றாக இருந்தால் பெடலை லேசாக அழுத்தினாலே, அரை கிலோ காற்றுக்குள்ளாகவே எரிந்துவிடும்.

3. ஃப்யூஸையும் பல்பையும் முதலில் பார். 24 வோல்ட், 21 வாட் பல்பா என்று கண்ணாலே படித்துப் பார். இரட்டை இழை பல்பில் இரண்டு காதும் ஒரே மட்டத்தில் இருக்காது. தேய்ந்த ஹோல்டரில் திருப்பி அழுத்திவிட்டால் பார்க் லைட் இழையும் பிரேக் இழையும் இடம் மாறிவிடும்.

4. அடுத்தது, இந்த வேலையின் உயிர்நாடி. சுவிட்சில் வரும் இரண்டு ஒயரையும் கழற்று. சாவியைப் போட்டு, டெஸ்ட் லேம்ப் வைத்து, ஒன்றில் கரண்ட் வருகிறதா என்று பார். வராவிட்டால் கோளாறு முன்னால், ஃப்யூஸ் பக்கம். வந்தால் இரண்டு ஒயரையும் ஒன்றாகச் சேர். பின்னால் லைட் எரிந்தால் ஒயரிங் நல்லது. குற்றம் சுவிட்சிலோ காற்றிலோ இருக்கிறது. எரியாவிட்டால் சுவிட்சின் மேல் பழி போடாதே, சேஸிஸ் ஓரமாகத் தேடு.

ஒருமுறை இதைச் செய்யாமலே நான் சுவிட்சை மாற்றினேன். லைட் எரிந்தது, வண்டியை அனுப்பிவிட்டேன். நான் ஒயரை அசைத்ததில் அறுந்திருந்த செம்பு தற்காலிகமாக ஒட்டியிருக்கிறது. மூன்றாம் நாள் தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த லாரி மோதி, அதன் டிரைவருக்குக் கால் முறிந்தது. பிறகு கிராஸ் மெம்பர் ஓரத்தில் ஒயரை விரலால் நெருடிக்கொண்டே போனேன். மேல்தோல் முழுசாக இருந்தது. ஒரே இடத்தில் மட்டும் நூல்போலத் தொய்ந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாகிக் கிடந்தது. அந்தத் துண்டை இன்றும் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

5. ஒயரிங் சரி என்றால் காற்றைப் பார். ஒருவனைப் பெடலை மிதிக்கச் சொல்லி, முகத்தை விலக்கிக்கொண்டு, சுவிட்சை அரைச்சுற்று தளர்த்து. சீறினால் காற்று வருகிறது. சுவிட்ச் செத்துவிட்டது, மாற்று. சில வண்டிகளில் முன் லைனுக்கு ஒன்று, பின் லைனுக்கு ஒன்று என இரண்டு சுவிட்ச் இருக்கும். ஒன்று செத்தாலும் மற்றது மறைத்துவிடும். இரண்டையும் தனித்தனியாகப் பார்.

6. ஆயில் பிரேக் வண்டியில் இப்படித் தளர்த்தவே கூடாது. லைனில் காற்று புகுந்து பெடல் கீழே இறங்கிவிடும். அங்கே சுவிட்சைக் கழற்றினால் பிளீட் பண்ணாமல் வண்டியை விடாதே.

7. மிதித்ததும் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாகத் துடிக்கிறதா? எர்த் போய்விட்டது. துருவைச் சுரண்டி, இறுக்கி, கிரீஸ் தடவு.

8. காலை எடுத்த பிறகும் எரிகிறதா? சுவிட்சில் ஒரு ஒயரைக் கழற்று. அணைந்தால் பாயின்ட் ஒட்டிக்கொண்டது, அல்லது ஃபுட் வால்வு காற்றை முழுதாக வெளியே விடவில்லை. அணையாவிட்டால் ஒயர் எங்கோ ஷார்ட்.

9. இரண்டு பல்புக்கு ஏறக்குறைய 1.75 ஆம்பியர்தான் ஓடும். அழகுக்காக இன்னும் நாலு பல்பு சேர்த்தால் ஐந்து ஆம்பியரைத் தாண்டும், பாயின்ட் கருகும். ஓனர் கேட்டால் ரிலே போட்டுத்தான் செய்.

10. ஏர் டேங்கைத் தினமும் திறந்து தண்ணீரை வடிக்கும்படி கிளீனரிடம் சொல்லி அனுப்பு. சுவிட்சுக்குள் துரு ஏற்றுவது அந்தத் தண்ணீர்தான்.

11. மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிறவன் ஒரு நொடியில் பதினாறு மீட்டருக்கு மேல் வந்துவிடுவான். நீ நிறுத்துகிறாய் என்று அவனுக்குச் சொல்ல அந்தச் சிவப்பு வெளிச்சத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆகவே, வேலை முடிந்ததும் டிரைவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, முப்பது அடி பின்னால் போய் நின்று, பத்துத் தடவை எரிந்து அணைவதை உன் கண்ணால் பார். ஒயரை ஆட்டிவிட்டு இன்னும் பத்துத் தடவை பார். அதற்கப்புறம் கூலி வாங்கு.