ஒப்பாரிக்கு ஸ்டுடியோ சரிப்படுமா?

கேள்வி: அமெரிக்க இசைக்குழுக்கள் பழைய நாட்டுப்பாடல்களை மட்டும் வைத்து ஆல்பம் போடுகின்றன. நம் மதுரைப் பக்கம் யாராவது செய்திருக்கிறார்களா? (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: பீட் சீகர் பாடிப் பரப்பிய பாட்டுகளை புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 2006இல் ஆல்பமாக்கினாரே, அந்த மாதிரி கேட்கிறீர்கள் போல. இங்கே அந்த வேலையைச் செய்தது கிட்டார் குழு அல்ல. நவநீதகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற மதுரைத் தமிழ் ஆய்வாளர் தம்பதி. ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்து, தாங்களே மேடையேறிப் பாடி, கேசட்டும் போட்டார்கள். விஜயலட்சுமி அம்மாவுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

மதுரைக்குப் பக்கத்துப் பரவை முனியம்மா, சிவகங்கைச் சீமையின் கொல்லங்குடி கருப்பாயி இருவரும் வயலில் பிறந்த குரல்கள். ஆனால் ஊருலகம் அவர்களை அறிந்தது 'தூள்' (2003), 'ஆண்பாவம்' (1985) படங்களால்தான். நம்மிடம் சினிமா முந்திக்கொள்கிறது. ஆல்பம் பின்னால் நொண்டுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நடவுப்பாட்டு வேலை முடியும்வரை நீளும். மூன்று நிமிடத்தில் அடங்காது. ஒப்பாரி இன்னும் கஷ்டம். சாவு விழாத வீட்டில் பாடினால் ஆகாது என்று பாட்டிகள் மறுத்துவிடுவார்கள், மைக்கை நீட்டினாலும். தாலாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கேட்க ஆரம்பிப்பதானால் நவநீதகிருஷ்ணன் தம்பதியிடமிருந்து தொடங்குங்கள். கூடவே நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப்பாடல்க'ளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு போட்டு மெருகேற்றிய பதிவுகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.