பலோப்பியன் குழாய் அடைப்பு: அறிந்துகொள்வோம்

எங்கள் வண்ணாத்திவில்லுவில் கலியாணம் முடித்து ஒரு வருடம் கடந்தால், "இன்னும் ஒன்றும் இல்லையா?" என்று பெண்ணிடம்தான் கேட்பார்கள். என் சாச்சியும் நான்கு வருடங்கள் இக்கேள்வியைக் கேட்டவர். மாதவிடாய் ஒழுங்காக வந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போக யாரும் நினைக்கவில்லை. பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் பலோப்பியன் குழாய்கள் இரண்டும் அடைபட்டிருந்தது தெரிந்தது. அவருடைய சம்மதத்துடனேயே இதை எழுதுகிறேன்.

கருப்பையின் இருபுறமும் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீளமான இக்குழாய்கள் உள்ளன. சூலகத்திலிருந்து வரும் முட்டையும் விந்தும் சந்திப்பது இங்கேதான். கருக்கட்டிய முட்டை இவ்வழியாகவே கருப்பையை அடைகிறது.

அடைப்புக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. சிலருக்கு நாட்பட்ட அடிவயிற்று வலி, கடும் மாதவிடாய் வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் இருக்கலாம். கருப்பை, குழாய்களில் ஏற்படும் தொற்று, வெடித்த குடல்வால், காசநோய், முன்பு செய்த வயிற்றுச் சத்திரசிகிச்சை என்பன காரணங்களாகலாம்.

ஒரு குழாய் திறந்திருந்தால் கருத்தரிக்க வாய்ப்புண்டு. இரண்டும் அடைபட்டால் இயற்கையாகக் கருத்தரிப்பது மிகக் கடினம். குழாய் பாதி பழுதடைந்திருந்தால் கரு குழாயிலேயே தங்கிவிடலாம். மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்கு ஒருபக்க அடிவயிற்று வலி, இரத்தக் கசிவு, மயக்கம் வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

சிலருக்குச் சத்திரசிகிச்சை பயன்தரும். மற்றவர்களுக்குச் சோதனைக் குழாய் முறை உண்டு. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் இம்முறையில் முதலாவதாகப் பிறந்த லூயிஸ் பிரவுணின் தாய்க்கும் குழாய்கள் அடைபட்டே இருந்தன. அதே வருடம் ஒக்டோபர் 3இல் கொல்கத்தாவில் டொக்டர் சுபாஷ் முகர்ஜியின் முயற்சியால் ஒரு பெண்குழந்தை பிறந்தது. கணவன் மனைவி இருவருடைய விந்தும் முட்டையும் மட்டுமே பயன்பட்டால் இம்முறை ஆகுமானது என்பது மார்க்க அறிஞர்கள் பலரின் கருத்து.

பெற்றோர்களே, ஒரு வருடம் முயன்றும் குழந்தை தங்காவிட்டால் மகளை மட்டுமல்ல, மருமகனையும் வைத்தியரிடம் அனுப்புங்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். வயது ஏற ஏறச் சிகிச்சையின் பலன் குறையும். எங்கு போவது என்று தெரியாவிட்டால் ஊர் மருத்துவமாதுவிடம் கேளுங்கள்.

துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. குழாய் அடைபட்டதைவிட, அந்த நான்கு வருடங்கள் வீணாகப் போனதுதான் சாச்சிக்கு இன்றும் கவலை.