‘வெள்ளைச் சீமாட்டி’: ஆபிரிக்கப் பாறையோவியம் ஒன்றின் கதை

ஆபிரிக்கக் கண்டத்தின் தென்மேற்கே, அத்திலாந்திக்கு சமுத்திரத்தின் கரையோரமாக நமீபு என்னும் பாலைவனம் நீண்டு கிடக்கின்றது. அப்பாலையின் விளிம்பிலே, சமநிலத்தினின்றும் தனித்தெழுந்து நிற்பது பிராண்டுபேர்க்கு மலை. அதன் உச்சி 2,573 மீற்றர் உயரமுடையது; இன்றைய நமீபியா நாட்டில் அதனினும் உயர்ந்த சிகரம் வேறில்லை. ஜேர்மன் மொழியில் அப்பெயருக்கு ‘எரியும் மலை’ என்பது பொருள். அயலில் வாழும் டமாரா மக்கள் தம் மொழியில் இட்டு வழங்கும் பெயரும் அப்பொருளதே. ஆயினும் இது தீக்கக்கும் மலையன்று. சாய்ந்த வெயில் படும்பொழுது கருங்கற் சரிவுகள் தழல்போற் சிவந்து தோன்றும், அதுவே பெயர்க்காரணம்.

அந்நாடு முன்னர் ஜேர்மனியரின் குடியேற்ற நாடாயிருந்து, முதலாம் உலகப் போரின்போது, 1915ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்கப் படைகளிடம் வீழ்ந்தது. அங்கே நிலவளவையாளராயிருந்த றைன்காட் மாக் என்னும் ஜேர்மனியர், 1918ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், தோழர் இருவரோடு அம்மலையின் உச்சியை அடைந்தார். இறங்கும் வழியில், சிசாபு என்னும் பள்ளத்தாக்கிலே, களைப்பு மிகுதியால் ஒரு பாறைக்கவிகையின் கீழ் ஒதுங்கினார். அதன் சுவரில் அவர் கண்ட ஓவியங்களே இக்கட்டுரையின் பொருள். மாக் தம் குறிப்புப் புத்தகத்தில் அவற்றைப் பார்த்து வரைந்துகொண்டார். எகிப்திய, மத்தியதரைக்கடற் சாயல் அவற்றில் உண்டென்றும் எழுதி வைத்தார். அவ்வொரு குறிப்பினின்றே பிற்காலக் குழப்பமெல்லாம் விளைந்தது. மாக் பின்னர் பிறேசில் நாட்டிற் குடியேறிப் புவிச்சரிதவியல் வல்லுநராகப் பெயர் பெற்றார் என்பதை இடையிற் கூறி மேற்செல்வோம்.

ஓவியத் தொகுதி ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றர் உயரமும் உடையது. மனித உருவங்கள் பல ஒரு திசை நோக்கி நடக்கின்றன. அவற்றிடையே ஓரிக்சு என்னும் நீள்கொம்பு மான்கள் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு மனிதக் கால்கள் அமைந்துள. நடுவே நிற்கும் உருவமே யாவரின் கண்ணையுங் கவர்வது. அதன் உயரம் ஏறத்தாழ 40 சென்றிமீற்றர், அஃதாவது ஒரு முழத்துக்குங் குறைவு. இடைக்குக் கீழே வெண்மை, மேலுடல் கபிலநிறம். ஒரு கையில் வில்லும் அம்புகளும். மற்றக் கையில் மலரோ கிண்ணமோ எனத் தெளியவியலாத ஒரு பொருள். காலை எட்டி வைத்து நடக்கும் அந்நடையின் மிடுக்கை, யான் கண்டது அச்சிட்ட படங்களிலேயெனினும், எளிதில் மறத்தற்கில்லை.

பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கக் குருவாகிய ஆன்றி புறூயி (1877–1961), ஐரோப்பியக் குகையோவிய ஆராய்ச்சியில் தம் காலத்தில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவர். அவர் 1929ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவுக்குச் சென்றிருந்தபொழுது மாக்கின் வரைவின் பிரதியைக் கண்டு வியந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்னாபிரிக்காவிலே தங்கியிருந்த அவர், 1947ஆம் ஆண்டில், தம் எழுபதாவது வயதிலே, பாறைகளின் மேல் ஏறிச்சென்று மூல ஓவியத்தை நேரிற் பார்த்தார். 1955ஆம் ஆண்டிலே வண்ணப்படங்களோடு கூடிய பெருநூலொன்றை வெளியிட்டார். நடுவுருவம் ஓர் இளம்பெண் என்றும், அவள் ஆபிரிக்கப் பெண்ணல்லள் என்றும், கிறீற்றுத் தீவிலே நொசசு அரண்மனைச் சுவரிற் காணப்படும் உருவங்களுக்கு அவள் இனமானவள் என்றும் அவர் கொண்டார். ‘வெள்ளைச் சீமாட்டி’ என்னும் பெயர் உலகெங்கும் பரவியது அவராலேயே.

இத்துணைப் பெரிய அறிஞர் இவ்வாறு தவறியது எங்ஙனம்? அவர் பொய்யுரைத்தாரல்லர். தாம் நன்கறிந்ததையே அறியாத இடத்திலுங் கண்டார். ஆயினும் அக்கருத்தை மற்றோர் அவ்வளவு விரும்பி ஏற்றமைக்குக் காரணம் வேறு. அக்காலத்திலே தென்னாபிரிக்காவை ஆண்டோர், ஆபிரிக்க மண்ணிற் சிறந்தன யாவும் பிறநாட்டார் கொணர்ந்தவையென்று நம்புவதில் ஆறுதல் கண்டனர். பெரிய சிம்பாபுவேயின் கற்கோட்டைகளை பினீசியர் கட்டினர் என்ற கதையும் இவ்வகையினதே. அக்கோட்டைகள் ஆபிரிக்கரே கட்டியவை என்பதைக் கேட்டன்-தொம்சன் என்னும் பெண் ஆராய்ச்சியாளர் அகழ்ந்தறிந்து கூறியதும், புறூயி மாக்கின் பிரதியைக் கண்ட அதே 1929ஆம் ஆண்டிலேதான். ஒரே ஆண்டில் ஒருவர் பழைய கதையொன்றை உடைத்தார். மற்றொருவர் புதியதொன்றுக்கு வித்திட்டார்.

புறூயியின் கொள்கைக்கு ஓவியமே மறுப்பாக நிற்கின்றது. கையிலுள்ள வில் வேட்டையாடும் ஆடவனுக்குரியது. அவ்வுருவம் ஆணுருவமே என்பதைப் பின்வந்த ஆராய்ச்சியாளர் உடற்குறிகளாலும் நிறுவினர். கால்களின் வெண்மை தோலின் நிறமன்று; சடங்குக் காலத்திற் பூசிக்கொள்ளும் வெண்களிமண்ணாகவோ, வேறு அலங்காரமாகவோ இருத்தல் வேண்டும். இல்லையெனில், இடைக்கு மேல் கபிலநிறமும் இடைக்குக் கீழ் வெண்ணிறமுமாக ஒரு சீமாட்டி எந்நாட்டிற் பிறந்தாள் என்று கேட்கத் தோன்றுகின்றது! ஓவியத்தின் பாணியும் தனித்ததன்று. அதே பாணியில், அதே செங்காவியும் கரியும் வெண்ணிறமுங் கொண்டு எழுதிய உருவங்கள் அம்மலையெங்கும் ஆயிரக்கணக்கில் உள. ஆகவே, சீமாட்டியும் அல்லள், வெள்ளையும் அல்லள். அவ்வோவியத்தை எழுதியோர், வேட்டையாடியும் கிழங்கு கனிகளைத் தேடியும் வாழ்ந்த சான் மக்களின் முன்னோர் என்பதே இன்று அறிஞர் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட முடிபு.

ஓவியங்களின் பொருளை அம்மக்களிடமே கேட்டறிந்தோர் புறூயிக்கு நெடுங்காலம் முன்னரேயே இருந்தனர். மொழியறிஞர் வில்லெம் பிளீக்கு, 1870ஆம் ஆண்டளவில், கேப்டவுன் சிறையிலிருந்த ஸாம் இனத்தவர் சிலரைத் தம் வீட்டுக்கு அழைப்பித்து, அவர் மொழியைக் கற்றார். நாவைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நிறைந்த மொழி அது. அவருடைய மைத்துனி லூசி லொயிட்டும் அவரும் எழுதிய ஏட்டுப்பக்கங்கள் 12,000க்கு மேற்பட்டவை. பிளீக்கு 1875ஆம் ஆண்டில் இறந்தபின் லொயிட்டு அம்மையாரே அப்பணியைத் தொடர்ந்தார். அவர்களுக்குக் கதை சொன்னோருள் ஒருவர் கபோ என்னும் முதியவர். அப்பெயருக்குக் ‘கனவு’ என்பது பொருள். தண்டனைக் காலம் முடிந்த பின்னரும், தம் மக்களின் கதைகள் ஏட்டில் ஏறவேண்டுமென்று விரும்பி, அவர் அவ்வீட்டிற் சிலகாலந் தங்கினார். இன்று அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசுவார் எவருமிலர். தென்னாபிரிக்கா 2000ஆம் ஆண்டில் ஏற்ற அரச இலச்சினையில் மட்டும் அம்மொழி வாசகமொன்று பொறிக்கப்பட்டுள்ளது.

1873ஆம் ஆண்டில் ஓர்ப்பன் என்னும் அதிகாரி, கிங் என்ற சான் இளைஞனை வழிகாட்டியாகக் கொண்டு மலோத்தி மலைகளிற் சென்றபொழுது, அங்குள்ள ஓவியங்களின் பொருளை அவனிடமே கேட்டெழுதினார். இவ்வேடுகளும், கலகாரி மக்களின் நடனங்கள் பற்றிப் பின்னர்க் கிடைத்த செய்திகளுமே டேவிட் லூயிசு-வில்லியம்சு 1981ஆம் ஆண்டு முதல் எழுதிய விளக்கத்துக்கு அடிப்படை. வைத்தியன் இரவு முழுதும் ஆடி, மெய்ம்மறந்த நிலையடைந்து, பிணி தீர்க்கும் ஆற்றலைப் பெறுகிறான். மனிதக் கால் கொண்ட மான்களும் விலங்குத் தலை கொண்ட மனிதரும் அந்நிலையிற் கண்ட காட்சிகள் என்பது அவர் கருத்து. நம் வில்லாளனையும் அத்தகைய வைத்தியன் என்பார் பலர்.

இவ்விளக்கம் அழகியது, பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். கபோவின் ஊருக்கும் பிராண்டுபேர்க்குக்கும் இடையே ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரமும், ஈராயிரம் ஆண்டளவான காலமும் உள. ஒரிடத்துத் திறவுகோல் எல்லாப் பூட்டையுந் திறக்கும் என்று கொள்ளின், நாமும் புறூயி சென்ற வழியிலேயே செல்வோராவோம். விளக்கத்தைப் பின்னுக்கு வைத்து, உள்ளதை உள்ளவாறே பிரதிசெய்தலை முற்படுத்தியவர் கரால்டு பாகர் என்னும் ஓவியர். அவர் 1977ஆம் ஆண்டு முதல் 1985ஆம் ஆண்டில் இறக்கும்வரை, உள்ளூர் உதவியாளரோடு அம்மலையிலேயே கூடாரமிட்டு வாழ்ந்து, ஏறத்தாழ 900 இடங்களில் 40,000க்கு மேற்பட்ட உருவங்களை ஒளிபுகு தாளில் ஒற்றியெடுத்தார். அவற்றைக் கோலோன் பல்கலைக்கழகத்தார் 1989ஆம் ஆண்டு முதல் பகுதி பகுதியாக நூலுருவில் வெளியிட்டனர். சீமாட்டியின் கதைக்குக் கிடைத்த புகழில் நூறில் ஒரு பங்குதானும் அவ்வுழைப்புக்குக் கிட்டவில்லை.

ஓவியத்தின் வயது ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு அல்லது அதற்கு மேல் என மதிக்கப்படுகின்றது. நிறக்கலவையிற் கரிமம் மிகக் குறைவாதலால் பாறையோவியத்தின் காலத்தை நேரே அளத்தல் கடினம். அந்நாட்டின் தென்பகுதிக் குகையொன்றிற் கிடைத்த வண்ணந் தீட்டிய கற்பலகைகளோ 25,000 ஆண்டுக்கு மேற்பட்டவை. 1969ஆம் ஆண்டு ஜூலையில் அங்கு அகழ்ந்துகொண்டிருந்த வென்டு என்பார், சந்திரப் பயணச் செய்தி கேட்டு, அக்குகைக்கு ‘அப்பலோ 11’ என்று பெயரிட்டார்.

சிசாபு ஓவியம் 1951ஆம் ஆண்டிலே தேசியச் சின்னமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஆயினும், நிறம் பளிச்சிடப் படம் பிடிக்கவேண்டிப் பார்வையாளர் நீரையும் குளிர்பானத்தையும் அதன்மேல் ஊற்றியதனால், எத்தனையோ நூற்றாண்டு நின்ற வண்ணம் சில பத்தாண்டுகளிலே மங்கிவிட்டது. இப்பொழுது பாறையின் முன் கம்பித்தடுப்பு உண்டு. அயலூர் வழிகாட்டியின்றி எவரும் அங்கு செல்லல் ஆகாது. மலையடியிலிருந்து ஏறத்தாழ முக்கால் மணிநேரம் பள்ளத்தாக்கு வழியே நடத்தல் வேண்டும். கவிகைக்குப் பெயர் மாக்கின் பெயர். வில்லேந்தி நிற்கும் ஆடவனுக்குப் பெயர் இன்றும் ‘வெள்ளைச் சீமாட்டி’.