பிரின்டில் கையெழுத்து: கேள்வி-பதில்

கே: கண்காட்சிக்கு வைக்கும் படங்களில் என் பெயரை ஃபோட்டோஷாப்பிலேயே கீழ் மூலையில் சேர்த்துவிடுகிறேன். நேர்த்தியாகத்தான் இருக்கிறது. கையால்தான் போட வேண்டும் என்று நண்பர்கள் ஏன் அடம்பிடிக்கிறார்கள்?
- கோவை வாசகர்

ப: நண்பர்கள் சொல்வதைக் கேளுங்கள். ஃபைலில் சேர்த்த பெயர் எத்தனை பிரதி அடித்தாலும் கூடவே வரும். நீங்கள் கண்ணால் பாராத பிரதியிலும் வரும், லேப் நிறத்தைக் கெடுத்த பிரதியிலும் வரும். கையால் போடுவது, இந்தத் தாளை நான் பார்த்தேன், சரியென்று ஏற்றேன் என்பதற்குச் சாட்சி. ஒரு நெகட்டிவிலிருந்து யாரும் எப்போதும் பிரின்ட் போடலாம் என்பதால், ஓவியத்தைவிடப் புகைப்படத்துக்கே இந்தச் சாட்சி அதிகம் தேவை. எட்வர்ட் வெஸ்டன் 1958-ல் இறந்த பிறகு அவருடைய நெகட்டிவ்களிலிருந்து மகன் கோல் பிரின்ட் போட்டார். தந்தை போட்டதில் மவுன்ட் அட்டையில் தந்தையின் கையெழுத்து. மகன் போட்டதில் பின்பக்கம் மகனுடையது. படம் ஒன்றுதான், விலை பல மடங்கு வேறு. நெகட்டிவிலேயே பெயர் இருந்திருந்தால் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

பெயர் இல்லாவிட்டால் திருடிவிடுவார்களே என்பீர்கள். மூலையில் இருப்பதை வெட்டியெறிய ஒரு நொடி போதும். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை கையெழுத்தால் வருவதுமில்லை; படம் உருவானதுமே வந்துவிடுகிறது. சாமுவேல் போர்ன் 1860-களில் இந்தியாவில் எடுத்த படங்களில் கண்ணாடி நெகட்டிவிலேயே பெயரும் எண்ணும் இருக்கின்றனவே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். அது கேட்டலாக் எண். எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுத்தால் ஸ்டூடியோ அடித்துக் கொடுக்கும். வியாபாரத்துக்குச் சரி, ஒவ்வொரு தாளுக்கும் போர்ன் பொறுப்பேற்றார் என்று அதற்கு அர்த்தமில்லை. கையெழுத்தையும் போலியாகப் போடலாமே என்ற ஆட்சேபம்தான் கொஞ்சம் கனமானது. புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1940-ல் இறந்தார். அவர் காலத்தவை என்று விற்கப்பட்ட சில பிரின்ட்கள் புற ஊதா ஒளியில் பளிச்சிட்டன. அப்படிப் பளிச்சிட வைக்கும் வெண்மையூட்டி புகைப்படக் காகிதத்துக்குள் வந்ததோ 1950-களில். பொய்யைக் காட்டிக்கொடுத்தது காகிதம். ஆகவே முன்பக்க வெள்ளை ஓரத்தில் பென்சிலால் கையெழுத்து; பின்பக்கத்தில் தலைப்பு, எடுத்த ஆண்டு, பிரின்ட் போட்ட ஆண்டு, காகிதத்தின் பெயர். எடுத்த ஆண்டை மட்டும் எழுதிவிட்டுப் போகும் சோம்பேறித்தனத்தை இனியாவது விடுங்கள்.

கே: ஆர்.சி. பேப்பரில் பென்சில் பிடிக்கவே இல்லை. என்ன செய்ய?
- ஈரோடு வாசகி

ப: பிடிக்காது, அது பிளாஸ்டிக் பூச்சு. அமிலமில்லாத பிக்மென்ட் மை பேனா வாங்குங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குங்கள். பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தடம் முன்பக்கம் தெரியும்.

கே: தமிழில் கையெழுத்துப் போடலாமா? வெளிநாட்டில் விற்கும் எண்ணம் இருக்கிறது.
- காரைக்குடி வாசகர்

ப: தாராளமாக. பின்பக்கம் பெயரை ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். ஆளுக்குத் தக்கபடி கையெழுத்தை மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

கே: 1/25 என்று எண்ணிட்ட பிரதிக்கு 25/25-ஐவிட மதிப்பு அதிகமா?
- சென்னை வாசகர்

ப: இல்லை. செப்புத் தகட்டில் அச்சடித்த காலத்தில் தகடு தேயும், முதல் பிரதிகள் கூர்மையாக இருக்கும். ஃபைல் எங்கே தேய்கிறது? வரம்பு வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஆன்சல் ஆடம்ஸின் 'மூன்ரைஸ்' ஆயிரத்துக்கும் மேல் பிரின்ட் கண்ட படம். இன்றும் பெரும் விலைக்குப் போகிறது. ஆனால் 25 என்று எழுதினால் எந்த அளவில், எந்த முறையில் 25 என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வில்லியம் எகிள்ஸ்டன் பழைய படங்களை டிஜிட்டலில் பெரிதாக அடித்து 2012-ல் ஏலத்துக்கு விட்டபோது, முன்பே வரம்பிட்ட பிரதிகளை வாங்கியிருந்த சேகரிப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். 2013-ல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எகிள்ஸ்டன் ஜெயித்தார் என்பதற்காக, உங்களிடம் வாங்கியவரும் அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்வார் என்று எண்ணிவிடாதீர்கள்.